கோழிப்பண்ணைக் காற்றை அளந்தபோது

அந்தப் பெண் எங்கள் வேதியியல் துறைக்குள் வந்து, உரச்சாக்கில் தைத்த பையைத் திறந்து, மேசைமேல் ஒரு கட்டு கத்தரி நாற்றைக் கொட்டினார். இலைகள் வேகவைத்த கீரைபோலத் துவண்டிருந்தன. ஓரமெல்லாம் பழுப்பு. நடு நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது.

"இங்க பரிசோதன பண்றவங்க யாருங்க?" என்று கேட்டார்.

துறைத் தலைவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "இது காலேஜும்மா. செடியெல்லாம் நாங்க பாக்கறதில்ல" என்றார்.

"உரக்கடையில காட்டிட்டுத்தாங்க வரேன். பூச்சின்னு சொல்லி மருந்து குட்த்தாங்க. அடிச்சேன். பூச்சி இருந்தாத்தான சாவும்?"

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ரிஷிவந்தியத்துப் பக்கத்திலிருந்து வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, அந்தத் தனியார் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தேன். முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பதும், வகுப்பு முடிந்ததும் குடுவைகளைக் கழுவி அடுக்க வைப்பதும் என் வேலை. அந்த இலையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மண் வாசனை மட்டுமே வந்தது. ஆனாலும் "நான் பாக்கறேங்க்கா. உங்க கொல்லிய, நாத்து வுட்ட எடத்த வந்து பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். இதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று கேட்கும்போதே தோன்றியது. அதற்கு ஆதாரம் ஏதும் என்னிடம் இல்லை. இருபத்தாறு வயதில் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

அவருடைய ஊர் கள்ளக்குறிச்சிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில், பஸ் போகும் சாலையை ஒட்டி இருந்தது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இவர் நாற்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு அப்பால் நீளநீளமாக மூன்று கோழிக் கொட்டகைகள். கூண்டுகளில் முட்டைக் கோழிகள். கூண்டுக்குக் கீழே பல மாதத்து எரு குவியலாகக் கிடந்தது. மேற்கிலிருந்து காற்று ஒருமுறை வீசியது. கண் எரிந்தது. மூக்கின் உள்பக்கம் யாரோ ஊசியால் தொட்டதுபோல இருந்தது. ஆய்வகத்தில் அம்மோனியா பாட்டிலை அஜாக்கிரதையாகத் திறந்தால் இருக்குமே, அதே நெடி.

"இதாங்க்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான் சொன்னா எவன் நம்பறான்? நீ எழுதிக் குடு, நம்புவாங்க" என்றார் அவர்.

எழுதிக் கொடுக்க வேண்டுமானால் அளக்க வேண்டும். காற்றை உறிஞ்சி அளக்கிற கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. அதைக் கண்ணால்கூட யாரும் பார்த்ததில்லை. ஆனால் அம்மோனியா அமிலத்தைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும் வாயு. நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்த வடிதாளைச் சின்ன டப்பாவின் அடியில் ஒட்டி, வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டால், பதினைந்து நாளில் அந்தத் தாள் தனக்குக் கிடைத்த அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கும். பிறகு தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, அதற்கென்று உள்ள கரைசலை விட்டால் மஞ்சள் நிறம் வரும். அம்மோனியா எவ்வளவு அதிகமோ மஞ்சள் அவ்வளவு அடர்த்தி. அளவு தெரிந்த கரைசல்களைப் பக்கத்தில் வரிசையாக வைத்து, நிறத்தை ஒப்பிட வேண்டியதுதான்.

டப்பாவுக்கு சங்கராபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பாய் உதவினார். பிலிம் சுருள் வருகிற கறுப்பு டப்பாக்களை ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "காத்தப் படம் புடிக்கப் போறீங்க, சர்தானே?" என்று சிரித்தார். அதைவிடச் சுருக்கமாக என் வேலையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

பண்ணை முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். நாற்பது வயதுக்காரர். கரும்பு போட்டு சலித்துப்போய்க் கோழிக்கு மாறியவர். நாற்றுக்காரப் பெண்ணின் கணவருக்கு அவர் பங்காளி. அந்தப் பெண்ணை அண்ணி என்று கூப்பிடுகிற உறவு. ஆனால் நாற்று கருக ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"இன்னாம்மா, பண்ணைய மூடச் சொல்ல வந்துகினு இருக்கியா?"

"இல்லீங்க. எவ்ளோ காத்துல போவுது, எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கணும். உங்க வேலியில ஒரு கம்பு நட விடுங்க."

"கோழி நாறத்தான் நாறும். எங்க வூட்லயே யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. நடு போ" என்றார்.

வேலியோரம் ஒன்று, நாற்றங்காலில் ஒன்று, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்று, இன்னும் தள்ளி ஏரிக்கரையில் ஒன்று என்று மூங்கில் கம்பு நட்டு டப்பாக்களைக் கட்டினேன். கோழியே இல்லாத காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே மற்றதை ஒப்பிட முடியும்? அதற்குக் கரியாலூரைத் தேர்ந்தெடுத்தேன். மலைமேல் சாமைக் கொல்லிக்கு நடுவில் ஒரு வீட்டுக்காரர் தன் கடுக்காய் மரத்தில் டப்பாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி, வெள்ளிமலை வழியாகப் போய், டப்பாவை மாற்றிக்கொண்டு வருவேன்.

முதல் மூன்று தடவையும் நான் எதிர்பார்த்தபடியே வந்தது. வேலியோரத் தாள் அடர் மஞ்சள், நாற்றங்கால் அதைவிட வெளுப்பு, பள்ளிக்கூடம் இன்னும் வெளுப்பு. கரியாலூர்த் தாளில் நிறம் வந்ததா இல்லையா என்று ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நான்காம் தடவை நாற்றங்கால் டப்பா என்னைத் திகைக்க வைத்தது. முன்பு வேலியில் வந்ததைவிட அடர்த்தியான மஞ்சள். அதே வாரத்தில்தான் தக்காளி நாற்று ஒரு பாத்தி முழுக்கக் கருகிப்போயிருந்தது.

கோழிகளைக் கூட்டிவிட்டார் என்று முடிவு கட்டினேன். நேராகப் போய், "கோழி ஜாஸ்தி பண்ணிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். கேட்ட தோரணை சரியில்லை என்பது இப்போது தெரிகிறது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு கோழி ஏத்துல. சொல்லப்போனா வாட கம்மியாவட்டும்னு என் கைக்காச போட்டுச் செலவு பண்ணிகினு இருக்கேன். நீ வந்து என்னியே கேள்வி கேக்கற. எல்லாம் அண்ணி சொல்லிக் குட்த்து அனுப்பறது." போய்க் கம்பைப் பிடுங்கி, டப்பாவோடு என் காலடியில் போட்டார்.

என்ன செலவு என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரோஷமாகத் திரும்பி வந்துவிட்டேன்.

இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் எங்கள் பக்கத்தில் சூடுபிடித்திருந்த காலம் அது. சுவரெல்லாம் எழுத்து. ஊருக்கு ஊர் கூட்டம். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று குடியானவர்கள் உழவை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். மறியல் வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோதும், பதினைந்தாம் நாள் வந்ததும் நான் கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் மற்ற டப்பாக்களோடு ஒப்பிட முடியாது என்பதுதான் எனக்கு அப்போது உலகத்திலேயே பெரிய விஷயம்.

மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கிய பஸ் அடிவாரம் தாண்டியதும் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். "இனிமே நட ராஜா சர்வீஸ்தான்" என்றார். தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு இடத்தில் மரத்தின் மேல் ஏறிக் கடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது மரத்தடியில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது நாற்றுக்கார அக்காவின் ஊர் எல்லை என்பதை ஏரிக்கரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"யாரும்மா நீ? தனியா எங்க போற?" என்று ஒருவர் எழுந்து வந்தார். "பையில இன்னா?"

பையில் டப்பாக்கள், வடிதாள், ஒரு நோட்டு. அதோடு தாள் நனைக்கிற அமிலம் ஒரு பாட்டில். அந்த நாளில், அந்தச் சாலையில், அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மறைத்து அவர்களே எடுத்துப் பார்த்தால் அதைவிட மோசம்.

"ஆசிட்டுங்க. ரொம்பத் தண்ணி கலந்தது. பரிசோதனைக்கு" என்றேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்தார்கள். "ஆசிட்டா? போராட்டம் நடக்கற எடத்துல ஆசிட் இன்னாத்துக்கு? யாரு அனுப்சது ஒன்ன?" என்று ஒரு இளைஞர் பையைப் பிடித்து இழுத்தார். நான் பையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"வுடுப்பா அத. எனக்குத் தெரியும்."

பண்ணை முதலாளி. கூட்டத்துக்கு நடுவிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தார். "காலேஜி டீச்சரு. நம்ம வேலியில டப்பா கட்டிகினு இருந்திச்சே, அந்தப் பொண்ணு. காத்த அளக்குது."

"உன் பண்ணக் காத்தையா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. பை என் கைக்கு வந்தது. அப்போது பார்த்தால், அண்டாவில் கூழ் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்த பெண்களில் நாற்றுக்கார அக்காவும் இருந்தார். எனக்கும் ஒரு சொம்பு கூழ் கொடுத்து, புளியங்கிளை நிழலில் உட்காரச் சொன்னார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டாரும் அன்றைக்கு ஒரே சாலையில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பையை இழுத்த இளைஞர் சங்கடத்தோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். "டீச்சர், உங்க கிளாசுல இந்த ரோட்டு ஊருங்கள்லேர்ந்து எத்தினி பேரு படிக்கறாங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு கை விரலுக்கு மேல் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

"அதுக்குத்தாங்க இங்க குந்திகினு இருக்கோம்" என்றார். நான் அதுவரை என் வகுப்பை அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை. காற்றில் இருக்கும் அம்மோனியாவுக்குக் கணக்கெடுத்தவள், என் முன்னால் உட்காராத மாணவர்களை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அங்கிருந்து கிளம்ப வழியில்லை. மதியம்வரை பேச்சுதான். முதலாளிக்குக் கவலை நெஞ்சுவரை இருந்தது. மறியல் பேச்சு கிளம்பியதிலிருந்து எரு எடுக்கிற வண்டி வரவில்லை, முட்டை தேங்கிவிட்டது, முந்தாநாள் பெய்த மழையில் கொட்டகை ஓரம் ஒழுகி எரு நனைந்துவிட்டது. "கோழிங்க கண்ணு வீங்கிப்போயிக் கெடக்குது. தண்ணி குடிக்கறதில்ல. நானும் மூட்ட மூட்டயா சுண்ணாம்பு போட்டுகினேதான் இருக்கேன். வாட அடங்கவே மாட்டேங்குது" என்றார்.

"என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்பும்மா. நீத்த சுண்ணாம்பு. வாட கொறையட்டும்னு ஒரு மாசமா தூவிகினு வரேன். அதத்தான் அன்னிக்கி செலவுன்னு சொன்னேன்."

கூழ் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். அம்மோனியா வாயு தயாரிக்கும் முறை என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடுவது அதுதான். அம்மோனிய உப்போடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர். எருவில் தங்கியிருக்கிற அம்மோனியாவைச் சுண்ணாம்பு பிடித்துத் தள்ளி வெளியே அனுப்பிவிடும். மனிதர் வாடையைக் குறைக்க நினைத்துக் காசு போட்டு வாடையை உற்பத்தி செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, சுண்ணாம்பாலதான் ஜாஸ்தியாவுது" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? கக்கூசுக்கே சுண்ணாம்புதான் போடறாங்க!" சுற்றி இருந்தவர்களும் அவர் பக்கம்தான். வாயால் சொல்லி அங்கே யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க முடியாது என்று புரிந்தது. "பண்ணைக்குப் போலாம் வாங்க. கண்ணால காட்றேன். அக்கா, நீங்களும் வாங்க" என்றேன். அக்கா முதலில் தயங்கினார். பிறகு கரண்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பண்ணை வாசலில் மூன்று கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினேன். ஒன்றில் நனைந்த எருவை மட்டும் போட்டேன். இரண்டாவதில் அதே அளவு எருவோடு ஒரு கரண்டி சுண்ணாம்பு போட்டுக் கிளறினேன். மூன்றாவதில் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டும். ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து மூன்றாகக் கிழித்து, டம்ளர் வாய்களை மூடி, உள்ளே எதுவும் துணியில் படாதபடி இழுத்துக் கட்டினேன். காரத்தன்மை உள்ள நெடி பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாவது டம்ளரின் துணி, நான் முடிச்சைப் போட்டுக் கையை எடுப்பதற்குள் நடுவில் சிவக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்கச் செங்கல் நிறம். முதல் டம்ளரில் லேசாகத்தான் நிறம் மாறியது.

"சுண்ணாம்பு பட்டா மஞ்ச செவக்கும்தான? இது இன்னா அதிசயம்?" என்றார் முதலாளி. நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் மூன்றாவது டம்ளரை வைத்திருந்தேன்.

பதில் சொன்னது அக்கா. "இதுல வெறும் சுண்ணாம்புதான கீது? இது செவக்கலியே. மஞ்சளா அப்டியே கீது பாருங்க. சுண்ணாம்பும் எருவும் சேந்தாத்தான் வருது." பல மாதத்துக்குப் பிறகு அக்கா முதலாளியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

முதலாளி மூன்று டம்ளரையும் குனிந்து பார்த்தார். இரண்டாவதன் துணியைப் பிரித்து முகர்ந்துவிட்டு, தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்காசப் போட்டு நானே வெசம் காச்சியிருக்கேன் அண்ணி" என்றார்.

"தெரியாம பண்ணதுதான, வுடுங்க" என்றார் அக்கா. உடனே, "ஆனா எம் பாத்தி போனது போனதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறியலில் ஆள் நிறைய இருந்தது முதலாளிக்கு வசதியாகிவிட்டது. அன்று பிற்பகலே இருபது பேர் மண்வெட்டியோடு வந்து, நனைந்த எருவை வாரிக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், காற்று போகாத பள்ளத்தில் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். சுண்ணாம்புக்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட் உரம் தூவச் சொன்னேன். அது அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எருவுக்கும் சத்து கூடும். தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடங்களை அடைத்து எருவைக் காயவிடுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான்கைந்து முறை சொன்னேன். "போதும்மா, தூக்கத்துலயும் சொல்வேன்" என்றார் முதலாளி.

சாலை திறந்ததும் மறுபடி கம்பு நட்டேன். இந்தத் தடவை வேலிக் கம்புக்குக் குழி தோண்டியது முதலாளிதான். அடுத்த இரண்டு தடவையில் நாற்றங்கால் தாளின் மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. கோழிகளின் கண் வீக்கம் அதற்கு முன்பே வடிந்துவிட்டதாம். ஆனாலும் அது கரியாலூர்க் காற்றாக ஆகிவிடவில்லை. மேற்குக் காற்று வலுவாக அடிக்கிற நாளில் வேலியை ஒட்டிய முதல் இரண்டு பாத்திக்கு இலை ஓரம் கருகத்தான் செய்தது. அந்தக் கணக்கை நான் இரண்டு பேரிடமும் ஒளிக்காமல் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு முதலாளி, கொட்டகைக்கு மேற்கே கிணற்றை ஒட்டிக் கிடந்த தன் நிலத்தில் நாற்றங்காலைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அக்கா ஒரு வாரம் யோசித்து, தண்ணீர் விடுகிற முறையையும் பேசி முடித்துக்கொண்டுதான் சம்மதித்தார். பழைய இடத்தில் சோளம் போட்டார்கள். சோளம் கருகவில்லை.

டப்பாக்கள், நிறங்கள், தூரம், காற்றின் திசை, சுண்ணாம்புக்கு முன், சுண்ணாம்புக்குப் பின் என்று எல்லாவற்றையும் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். "பிலிம் டப்பாவ வச்சா இதெல்லாம் பண்ணீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இத முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணுங்க. நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். நான் ஏற்கெனவே விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்து கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

அடுத்த கல்வியாண்டில் அந்தச் சாலை ஊர்களுக்கு நானே போய்ப் பள்ளி முடித்த பிள்ளைகளின் வீடுகளில் பேசினேன். வேதியியலுக்கு ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள். சேர்க்கை முடிந்த வாரம் தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் கல்லூரிக்கு வந்து, சுண்ணாம்பு போடலாமா கூடாதா என்று கேட்டு நின்றார். அந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.